கன்று நட்டாச்சு... முதல் கோடையைத் தாண்டுமா? கல்வராயன் மலையில் வேர்தான் விஷயமே!

ஜூன் 5 வந்தால் இன்ஸ்டா முழுக்க மரக்கன்று செல்ஃபி. அடுத்த ஏப்ரலில் அந்தக் கன்று இருக்கான்னு யாராவது போய்ப் பார்த்தோமா?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் இது ரொம்ப முக்கியமான கேள்வி. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு முடிந்துவிடும். சரிவான இடங்களில் பெய்த மழையும் நிற்காமல் ஓடிவிடும். அதன்பிறகு மே வரை கன்று தாக்குப்பிடிக்க வேண்டும். 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், காடு மற்றும் மரங்களின் பரப்பை 33 சதவீதமாக்க நினைக்கிறது. செத்துப்போன கன்று அந்தக் கணக்கில் வராது.

உயரமான கன்றை நட்டால் சீக்கிரம் மரமாகும்னு நினைப்போம். அங்கேதான் தப்பு. இலை வழியாகத்தான் நீர் ஆவியாகிறது. மேலே நிறைய இலை, கீழே கையளவு வேர் என்றால் வரவைவிடச் செலவு அதிகம். இமயமலை பைன் ஆனாலும் நம்ம ஊர் கடுக்காய் ஆனாலும் இதே கதைதான். வறண்ட இடத்துக்குத் தண்டு தடித்த, குட்டையான கன்றே நல்லது.

பாலித்தீன் பையில் ரொம்ப நாள் இருந்த கன்றின் வேர் ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கும். அந்தச் சுருளை வெட்டாமல் நட்டால், வேர் ஆழத்துக்குப் போகாமல் அங்கேயே சுற்றும்.

மழை தொடங்கி மண் நன்றாக நனைந்ததும் நட்டுவிட வேண்டும். டிசம்பர் கடைசி என்றால் வேர் பிடிக்க நேரமே இல்லை. சரிவில், கன்றுக்குக் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் மண் அணைத்தால் ஓடும் நீர் அங்கே தேங்கும். மேலே சருகு மூடாக்கு.

பலரும் மறப்பது களையை. சுற்றியுள்ள புல், மேல்மண் ஈரத்தை முதலில் குடித்துவிடும். ஒரு மீட்டர் அகலத்துக்காவது அதைச் செதுக்கணும். செல்ஃபிக்கு ஏற்ற வேலை இல்லைதான்!