கதவு அடைக்கும் நேரம்

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தவர்களாகப் பதிவாகும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் திருமணத்தின் பொருட்டுப் பெயர்ந்தவர்கள் என்பதால், பிழைப்புக்காகத் தனியாக ஒரு நகரத்துக்கு வந்து சேரும் இளம்பெண் நெடுங்காலம் ஆய்வுகளில் ஓர் ஓரத்துக் குறிப்பாகவே இருந்து வந்தாள். சென்னையில் அந்த நிலை மாறிவிட்டது. திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து மின்னணுத் தொழிற்சாலைகளும், 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதைத் தொடர்ந்து பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் எழுந்த மென்பொருள் நிறுவனங்களும், தியாகராய நகரின் துணிக்கடைகளும், மருத்துவமனைகளும், அண்ணா நகரின் போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களும் ஆண்டுதோறும் மாவட்டங்களிலிருந்து இளம்பெண்களை வரவழைக்கின்றன. 2019-20-ஆம் ஆண்டுக்கான தொழில்துறை ஆய்வின்படி, நாட்டின் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் வேலைக்காகவே வீட்டை விட்டு வந்தவர்கள்.

இப்படி வருகிறவளின் அன்றாட வாழ்வை வடிவமைப்பது அலுவலகமோ ஆலையோ என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அவள் எப்போது எழுகிறாள், என்ன உண்கிறாள், மாலையில் எங்கே போகலாம், எந்த வேலையை ஏற்கலாம், எதை மறுத்தாக வேண்டும் என்பவற்றைப் பெருமளவு தீர்மானிப்பது அவள் தங்கியிருக்கும் விடுதிதான்.

விடுதிக்கு அவள் வந்து சேர்வதும் பெரும்பாலும் விருப்பத்தால் அன்று. சென்னையில் தனிப்பெண்ணுக்கு வாடகை வீடு கிடைப்பது எளிதன்று. கல்யாணம் ஆகிவிட்டதா, என்ன ஆட்கள், அசைவம் சமைப்பதுண்டா, ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று அடுக்கப்படும் கேள்விகளில் பாதிக்கும் மேற்பட்டவை ஓர் ஆண் வாடகைதாரரிடம் கேட்கப்படுவதில்லை. பணத்தின் தடை இன்னொன்று. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக்கூடாது என்கிறது. ‘ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாத வரை’ என்ற அந்த ஒரு தொடரின் வழியாகவே பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழைய சென்னை வழக்கம் தப்பிப் பிழைத்திருக்கிறது. முதல் மாதச் சம்பளமே கைக்கு வராதவளால் அத்தொகையைப் புரட்ட முடியாது. எனவே ஒரு மாத முன்பணத்தில் கட்டிலும் சாப்பாடும் சேர்ந்து கிடைக்கிற ‘லேடீஸ் ஹாஸ்டல்’ என்னும் தனியார் மகளிர் விடுதியே அவளுக்கு நகரத்தின் வாசலாக அமைகிறது.

இவ்விடுதிகளில் பெரும்பாலானவை குடும்பங்கள் வசிக்கக் கட்டப்பட்டுப் பின்னர் விடுதியாக மாற்றப்பட்ட வீடுகள் அல்லது அடுக்கங்கள். ஓர் அறையை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதைக் குறிக்கும் ‘ஷேரிங்’ என்ற கணக்கைப் பொறுத்தே கட்டணம் அமைகிறது. இரண்டு பேர் ஷேரிங்கில் ஒரு மேசையேனும் இருக்கும், ஆறு பேர் ஷேரிங்கில் ஒருத்திக்குச் சொந்தம் என்று சொல்லத்தக்கது கட்டிலும் அதன் கீழுள்ள பெட்டியும் மட்டுமே. காலையில் குளியலறை வரிசையும், மெஸ்ஸில் எந்தக் கிழமைக்கு எந்தக் குழம்பு என்பதும் வந்த ஒரு வாரத்தில் மனப்பாடமாகிவிடும். இந்த எளிய வாழ்விடத்தின் மீதும் 2022 ஜூலைக்குப் பின் 12 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதிக்க முயற்சி நடந்ததையும், பணிபுரியும் பெண்களும் மாணவியரும் தங்கும் விடுதி குடியிருப்பே அன்றித் தங்கும் ஓட்டல் ஆகாது என்று 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் இங்கே குறிப்பிடலாம். அதே ஆண்டு ஜூன் மாதத்தில், ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாத கட்டணத்தில் தொடர்ந்து 90 நாட்களேனும் தங்குவோருக்கு அவ்வரியிலிருந்து விலக்கு அளிக்க வரிக்குழுவும் பரிந்துரைத்தது.

ஆயினும் கட்டணத்தை விடவும் உணவை விடவும் இவ்விடுதிகளை அடையாளப்படுத்துவது கதவு அடைக்கும் நேரமே. எட்டரை, ஒன்பது, மிஞ்சினால் பத்து என்று விடுதிக்கு விடுதி மாறும் அந்நேரத்துக்குப் பின் வருகிறவள் வார்டனிடம் விளக்கம் சொல்ல வேண்டும். பல இடங்களில் அதே இரவில் வீட்டுக்கும் தொலைபேசியில் தகவல் போய்விடும். சனி, ஞாயிறுகளில் வெளியே தங்குவதற்குத் தந்தையின் குரலிலோ, ‘லோக்கல் கார்டியன்’ எனப்படும் உள்ளூர்ப் பொறுப்பாளரின் குரலிலோ முன்அனுமதி வேண்டும். சம்பளப் பட்டியலில் பெயருள்ள, வாக்குரிமை பெற்ற, இருபத்தைந்து வயதான ஒருத்தியின் மாலை நேரத்தை அவளல்லாத மற்ற எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யும் இந்த ஏற்பாடு, ‘மேன்ஷன்’ எனப்படும் திருவல்லிக்கேணியின் ஆண்கள் விடுதிகளில் ஒருநாளும் இருந்ததில்லை என்பதை நினைவில் கொள்வது நல்லது.

சட்டமும் ஒரு காலத்தில் இதே மனப்பான்மையோடுதான் இருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் காலை 6 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் பெண்களை ஆலையில் வேலைக்கு அமர்த்தத் தடை விதித்திருந்தது. அப்பிரிவு சமத்துவ உரிமைக்கு முரணானது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2000 டிசம்பரில் அதைச் செல்லாததாக்கி, போக்குவரத்து முதலிய பாதுகாப்பு நிபந்தனைகளுடன் பெண்கள் இரவிலும் பணியாற்ற வழிவிட்டது. ஆலையின் கதவு இவ்வாறு திறந்துவிட்ட பிறகும் விடுதியின் கதவு பழைய கடிகாரத்தையே நம்பியிருப்பதால், இரண்டுக்கும் இடையிலான இழுபறியை அந்தப் பெண்ணே தன் உடம்பால் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. இரவு பத்து மணிக்கு ஷிஃப்ட் முடிகிற ஆலைத் தொழிலாளியை நிறுவனத்துப் பேருந்து ஆலை வாசலில் ஏற்றி விடுதி வாசலில் இறக்கிவிடுவதால் அவளுக்கு அச்சம் குறைவு. ஆனால் அவள் நகரத்தைப் பேருந்தின் சன்னல் வழியாகவும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மட்டுமே காண்கிறாள். மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவளுக்கு அமெரிக்க வாடிக்கையாளரின் கூட்டம் மாலை ஏழரைக்குத் தொடங்கும். துணிக்கடையில் நிற்பவளுக்குக் கடை அடைத்துக் கணக்கு முடிய ஒன்பதரையாகும். கூடுதல் நேர வேலையும், மாலை வகுப்பில் இன்னொரு பட்டமோ கணினிப் பயிற்சியோ பெறுவதும் ஒன்பது மணிக் கதவுக்கு உட்பட்டே நடந்தாக வேண்டும். மெட்ரோவின் கடைசி வண்டி இரவு 11 மணியளவில் புறப்படுகிற ஊரில், அவளுக்கு மட்டும் ஊர் எட்டே முக்காலுக்கே முடிந்துவிடுகிறது.

கதவை அடைப்பது பாதுகாப்புக்காகவே என்று விடுதி நடத்துவோர் சொல்கிறார்கள். பெற்றோரும் அதை நம்பியே பிள்ளையைச் சேர்க்கிறார்கள். இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் இரவுச் சாலைகளில் பெண்கள் தொல்லைக்கு ஆளாவது கற்பனை அன்று. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டு மகளிர் விடுதிகளில் நேர்ந்து நாடறியச் செய்தியான பெருங்கேடுகளைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் ஒரு விடுதியின் குளியலறை உள்ளிட்ட இடங்களில் ஒளித்து வைக்கப்பட்ட கேமராக்களைத் தங்கியிருந்த பெண்களே கண்டுபிடித்தபோது, கைதானவர் அவ்விடுதியை நடத்தியவர். 2021 டிசம்பரில் பூவிருந்தவல்லி அருகே ஒரு விடுதியில் தங்கியிருந்த மின்னணு ஆலைப் பெண்கள் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட நேர்ந்ததற்குக் காரணம் விடுதியில் பரிமாறிய உணவு. தோழிகளின் கதி என்னவென்று தெரியாத தொழிலாளிகள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள், ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு மகளிர் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வெடித்து ஏற்பட்ட தீயிலும் புகையிலும் ஆசிரியைகள் இருவர் உயிரிழந்தார்கள். வேவு, நச்சுணவு, தீ ஆகிய இம்மூன்றும் பூட்டிய கதவுக்கு உள்ளே நடந்தவை. கதவை அரை மணி முன்னதாக அடைத்திருந்தால் இவற்றில் எதுவும் தடுக்கப்பட்டிருக்காது.

உள்ளே இருப்பதைக் கண்காணிப்பதற்கான சட்டம் இல்லாமலில்லை. 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஒவ்வொரு மகளிர் விடுதியும் மாவட்ட ஆட்சியரிடம் பதிவு செய்து உரிமம் பெற வேண்டும்; கட்டட உறுதி, தீத்தடுப்பு, சுகாதாரம், உணவுப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான சான்றுகளையும் காட்ட வேண்டும். ஆதம்பாக்கம் நிகழ்ச்சிக்குப் பிறகே சென்னை நிர்வாகம் விடுதிகளைப் பதிவு செய்யக் கெடு வைத்து விரட்டியது என்பதிலிருந்து, அதற்கு முந்தைய நான்காண்டுகளில் அச்சட்டம் எவ்வளவு மதிக்கப்பட்டது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அவளுடைய செலவுக் கணக்கில் அண்மைக் காலத்தின் பெரிய மாற்றம் பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யும் ‘விடியல் பயணம்’ திட்டத்தால், ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு தெரிவித்தது. ஊருக்குப் பணம் அனுப்பிய பின் எஞ்சுவதில் மாதம் தள்ளும் பெண்ணுக்கு இத்தொகை ஒரு சீட்டுத் தவணை. இதைவிட முக்கியமானது, வேலைக்கு மட்டுமன்றி வேலையில்லாத நாளிலும் செலவு பற்றிய தயக்கமின்றி அவள் பேருந்தில் ஏறலாம் என்பது. ஞாயிறு காலையில் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு, அறைத்தோழிகளுடன் மெரினாவுக்கோ தியாகராய நகருக்கோ போய் வருவதற்கு இப்போது கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் விழா நாட்களில் ஊருக்குப் போய் வரும் செலவு அப்படியேதான் இருக்கிறது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின், தென்மாவட்டத்துப் பெண் ஊரிலிருந்து விடியற்காலையில் வந்திறங்கும் இடம் நகரின் நடுவிலிருந்த கோயம்பேட்டிலிருந்து அதன் தென்விளிம்புக்கு நகர்ந்துவிட்டது. மூட்டை முடிச்சுகளோடு அங்கிருந்து அம்பத்தூருக்கோ அண்ணா நகருக்கோ போக வேண்டியவளுக்குப் பயணம் இன்னொரு முறை தொடங்குகிறது.

விடுதி வாழ்வில் நன்மையே இல்லை என்று சொல்வது பிழை. கும்பகோணத்துப் பெண்ணும் கிருஷ்ணகிரிப் பெண்ணும் சாதி கேட்காமல் ஒரே தட்டில் கைவைத்து உண்பதும், காய்ச்சல் கண்டவளுக்கு எதிர்க் கட்டிலில் இருப்பவள் கஞ்சி வாங்கி வருவதும், வேலைவாய்ப்புச் செய்தி அறையிலிருந்து அறைக்குப் பரவுவதும் அங்கேதான் நடக்கின்றன. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, தண்ணீர் லாரி வராமல் விடுதிகள் பலவும் மூடப்பட்டபோது, உறவினர் வீடில்லாத பெண்களுக்கு இடம் தேடிக் கொடுத்ததும் பெரும்பாலும் இந்த நட்புதான்.

எனினும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த பின்னும் அவள் நகரத்தின் ஏடுகளில் பெரும்பாலும் இல்லை. குடும்ப அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் அவள் பெயர் ஊரிலேயே இருக்கிறது. விடுதியின் ரசீதை முகவரிச் சான்றாக எல்லா அலுவலகங்களும் ஏற்பதில்லை. வார்டில் தண்ணீர் வரவில்லை என்றாலும் தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் அவளுடைய குறை எந்த மாமன்ற உறுப்பினரின் வாக்கையும் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. மகளிர் விடுதிகள் இவ்வளவு காலம் கவனிப்பாரற்றுக் கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

அரசு இத்துறையில் நேரடியாக இறங்கியது புதிதன்று. பணிபுரியும் மகளிர் விடுதிகளுக்கான மத்திய அரசின் திட்டம் 1972-73-இலேயே தொடங்கியது. தமிழ்நாட்டில் இதற்கென்றே அமைக்கப்பட்ட கழகம் தாம்பரம், கூடுவாஞ்சேரி, திருச்சி முதலிய ஊர்களில் ‘தோழி’ விடுதிகளை நடத்துகிறது; விரல்ரேகைப் பதிவு முறையில் நுழையும் வசதி அங்கு உள்ளது. யார் எப்போது வந்தார் என்பது பதிவாகிவிடும் இடத்தில் கதவைப் பூட்டுவதற்கான தேவை குறைந்துவிடுகிறது என்பது தனியார் விடுதிகள் கவனிக்க வேண்டிய செய்தி. அளவில் மிகப் பெரியது வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் குடியிருப்பு: பத்து மாடிகள் கொண்ட 13 கட்டடங்களில், அறைக்கு ஆறு பேர் வீதம் 18,720 ஆலைத் தொழிலாளிப் பெண்கள் தங்க 706.50 கோடி ரூபாயில் அது கட்டப்பட்டது. பூவிருந்தவல்லி நிகழ்ச்சிக்குப் பின் இத்தகைய இடம் தேவைப்பட்டதில் ஐயமில்லை. ஆனால் ஓர் ஆலையின் வேலையோடு இணைந்த கட்டிலில் உறங்குபவள் வேலையை விடும் நாளில் உறைவிடத்தையும் விட வேண்டியவளாகிறாள் என்ற சிக்கல் அதில் தீரவில்லை.

மகளை விடுதியில் சேர்க்க வரும் பெற்றோர் இன்றும் முதலில் கேட்பது, கதவை எத்தனை மணிக்கு அடைப்பீர்கள் என்பதைத்தான். முன்பணம் கட்டுமுன் அவர்கள் கேட்க வேண்டியது, 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆட்சியர் வழங்கிய உரிமத்தைக் காட்டுங்கள் என்பது. பார்க்க வேண்டியவை சமையலறையும், தண்ணீர்த் தொட்டியும், இரவில் தீப்பற்றினால் வெளியேறத் திறந்திருக்கும் இரண்டாவது வழியும். உரிமம் இல்லை என்று தெரிந்தால் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் புகார் அளிக்கலாம். 181 என்ற மகளிர் உதவி எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது.