திரையில் பேசுகிறவர் உங்கள் மருத்துவர் அல்ல

புதுச்சேரியில் பெண்களில் 100-க்கு 46 பேரும் ஆண்களில் 43 பேரும் அளவுக்கு மேல் எடையுள்ளவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. நாட்டின் சராசரி இதில் ஏறக்குறைய பாதிதான். மாலையானால் வண்டிகளை நிறுத்திவிட்டு, கடற்கரைச் சாலையையே நடப்பவர்களுக்கு விட்டுவிடுகிற ஊர் இது! இத்தனை பேருக்குக் கவலை இருக்கும் இடத்தில் வியாபாரம் வராமல் இருக்குமா? யூடியூபைத் திறந்தால் ‘30 நாளில் 10 கிலோ’.

2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர், யூடியூபில் பார்த்த மருத்துவரை நம்பிச் சென்னைப் புறநகரில் எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் போனார், உயிரோடு திரும்பவில்லை. தமிழக அரசு விசாரணைக் குழு அமைத்தது. மருத்துவமனையின் பதிவு தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. வீடியோவில் மருத்துவரின் முகமும் பேச்சும் தெரியும். அறுவை நடக்கும் இடத்தில் ஐ.சி.யூ. இருக்கிறதா, மயக்க மருந்து கொடுப்பவர் யார், நெருக்கடி வந்தால் எங்கே கொண்டுபோவார்கள் என்பதெல்லாம் தெரியாது. அதை நாம்தான் கேட்க வேண்டும், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே.

எடைக்கும் மனதுக்கும் தொடர்பு உண்டு என்பதால், உளவியலாளர்கள் டி.வி.யில் எடையைப் பற்றிப் பேசுவது நல்லதுதான். கிலோவை விட்டுவிட்டு வீட்டுப் பேச்சைப் பற்றி அவர்கள் பேசினால் இன்னும் நல்லது. ‘இன்னும் ரெண்டு இட்லியா? அப்புறம் எந்த மாப்பிள்ளை வருவான்?’ என்று பாட்டி கேட்பாள், எல்லோரும் சிரிப்பார்கள். அந்தப் பெண் இரவில் யாருக்கும் தெரியாமல் பிஸ்கட் டப்பாவைத் திறப்பாள். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பதின்வயதினரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ‘புராஜெக்ட் ஈட்’ ஆய்வும் இதையே காட்டியது: வீட்டாரின் கேலிக்கும் பிற்காலத்து எடைக் கூடுதலுக்கும் முறையற்ற உணவுப் பழக்கத்துக்கும் தொடர்பு உண்டு. என்னைக் கேட்டால், பாதி வீடுகளில் டயட் சார்ட்டைவிட இந்தக் கேலியை நிறுத்துவதுதான் முதல் வைத்தியம்.

ஆனால் நேயர் போனில் கேட்க, மூன்று நிமிடத்தில் நிபுணர் சொல்லும் பதில் சிகிச்சை ஆகாது. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. மனநலச் சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமின்றி ஊடகத்தில் வெளியிடக்கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். எடை குறைந்ததைக் காட்டும் ‘முன்–பின்’ படத்துக்கு உங்கள் பிள்ளையைக் கேட்டால், தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

விளம்பரத்துக்கும் கடிவாளம் உண்டு. எந்தெந்த நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954 மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் போட்டிருக்கும் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு பொருளைப் புகழும் பிரபலம் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 50 லட்சம். எடைக் குறைப்பு ஊசிகளும் மருத்துவர் சீட்டுக்குத்தான் கிடைக்க வேண்டும், இன்ஸ்டாகிராம் மெசேஜுக்கு அல்ல.

உண்மையான உதவி வேண்டுமென்றால், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போகக் கூச்சப்படுபவர்கள் டெலி மானஸ் 14416 எண்ணில் இரவு பகலாக, இலவசமாக, தமிழிலேயே பேசலாம். எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீடு இருக்கிறதென்று நம்பியிருப்பவர்கள் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள்: பி.எம்.ஐ. 40-ஐத் தொட்டால், அல்லது 35-ஐத் தொட்டுக் கடுமையான துணைநோயும் இருந்தால்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

ஏமாந்துவிட்டால் முதலில் வீடியோவின் இணைப்பு, ஸ்கிரீன்ஷாட், ஜிபே ரசீது மூன்றையும் பத்திரப்படுத்துங்கள், வீடியோவை அழித்துவிடுவார்கள். மருத்துவமனையிடம் சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.