பழைய ‘குட்டி யானை’ வாங்குமுன்...



மண்டியிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து வாடிக்கையாளர் வீட்டுக்கும் சரக்கு ஏற்றிப் போகச் சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் தேவலையே என்று நினைக்காத மளிகைக் கடைக்காரர் இல்லை. புது வண்டி என்றால் முன்பணம், மாதத் தவணை என்று மலைப்பாக இருக்கிறது. அந்த நேரம் பார்த்துத் தெரிந்த புரோக்கர் ஒருவர் வருவார். “பட்டறையில் ஒரு வண்டி சும்மா நிற்கிறது. பாதி விலைக்கு முடித்துத் தருகிறேன். கொஞ்சம் செலவு செய்தால் புதுசு மாதிரி ஆகிவிடும்” என்பார். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதை வாங்குமுன் கணக்கிடுவது எப்படி? அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

டாட்டா ஏஸ் வண்டி 2005-ல் விற்பனைக்கு வந்தது. 702 சி.சி. இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். சுமார் 750 கிலோ பாரம். குறுகலான கடைத்தெருவிலும் நுழைந்து திரும்பியதால் நம் ஊரில் ‘குட்டி யானை’ என்றே பெயர் வாங்கிவிட்டது. ஆரம்ப காலத்து வண்டிகள் பல, இரண்டு மூன்று கை மாறி இப்போது மலிவாக விலைக்கு வருகின்றன. உதிரி பாகம் கிடைக்கிறது. வேலை தெரிந்த மெக்கானிக்கும் ஊருக்கு ஊர் இருக்கிறார். ஆகவே பழைய வண்டியைச் சீர் செய்து ஓட்டுவது நடக்காத காரியமல்ல. ஆனால் யானை வாங்குகிறவர் அங்குசத்துக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

முதலில் காகிதம்

எஞ்சின் கெட்டால் மாற்றலாம். காகிதம் கெட்டால் மாற்ற முடியாது. ஆகவே வண்டியைப் பார்க்குமுன் ஆர்.சி.யைப் பாருங்கள். சேஸிஸில் பொறித்துள்ள எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பழைய ஃபைனான்ஸ் கடன் குறிப்பு இருந்தால், கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும், கையெழுத்திட்ட 35-ம் எண் படிவமும் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். வரி பாக்கி, போலீஸ் அபராத பாக்கி உண்டா என்பதை அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொண்டு பார்த்துவிடலாம்.

பெயர் மாற்றத்துக்கு 29, 30-ம் எண் படிவங்கள் தேவை. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும். “பெயரை மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்” என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். விற்ற பிறகும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் ஒரு வழக்கில் தீர்ப்புக் கூறியுள்ளது. உங்கள் பழைய வண்டியை விற்கும்போதும் இதை மறக்க வேண்டாம்.

எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். ஆகவே பழுது பார்க்கும் வேலை எல்லாம் எஃப்.சி.யில் தேறும்படி இருக்க வேண்டும். கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று பாடியின் நீள உயரத்தை இஷ்டத்துக்கு மாற்றினால், ஆர்.சி.யில் கண்டதற்கு மாறுபட்ட வண்டியாகிவிடும். அதற்குச் சட்டம் இடம் தராது.

வண்டியின் அடியில்தான் உண்மை

பளபளக்கும் பெயிண்டைப் பார்த்து விலை பேசாதீர்கள். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிப் பாடியின் மேல் ஓட்டிப் பாருங்கள். தகரத்தில் ஒட்டும், கனமாகப் பட்டி பூசி மறைத்த இடத்தில் ஒட்டாது. பிறகு வண்டியின் அடியில் படுத்துச் சேஸிஸைச் சிறு சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருப் பிடித்தது மந்தமாக ஒலித்துப் பொரிந்து கொட்டும். உப்பு மூட்டையும் மீனும் ஏற்றிய வண்டிகளில் இந்தத் துரு அதிகம். சேஸிஸ் அரித்த வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மற்றதெல்லாம் கழற்றி மாட்டும் சாமான், சேஸிஸ்தான் வண்டி.

எஞ்சினைக் காலையில், சூடேறுவதற்கு முன் போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்குள் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கலாம், அல்லது வண்டி அடிபட்டு வளைந்திருக்கலாம். பார்க்கப் போகும்போது விற்பவரின் மெக்கானிக்கை நம்பாமல் உங்கள் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். அவருக்குத் தரும் ஒரு நாள் கூலி வீண் போகாது.

எந்த வேலை முன்னே, எது பின்னே?

பெரும்பாலோர் முதலில் பெயிண்ட் அடித்துக் கடைப் பெயரை எழுதிவிடுகிறார்கள். பிறகு வெல்டிங் வைக்கும்போது அந்தப் பெயிண்ட் கருகிப் போகிறது. சரியான வரிசை கீழிருந்து மேலே போவது. முதலில் சேஸிஸ் வெல்டிங்கும் துருத் தடுப்புப் பூச்சும். அடுத்து பிரேக், ஸ்டியரிங், ஸ்பிரிங், டயர். மூன்றாவது எஞ்சின், கியர். நான்காவது வயரிங், விளக்கு. ஐந்தாவது தளமும் பாடியும். கடைசியில்தான் பெயிண்ட். வெல்டிங் வைக்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். பட்டறைக்காரரிடம் வேலை வாரியாக எழுதி வாங்கி, முடிந்த வேலைக்கு மட்டும் பணம் கொடுங்கள். ஜி.எஸ்.டி. எண்ணுடன் பில் கேட்டு வாங்குங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இல்லாத பதிவு பெற்ற வணிகர், சரக்கு வண்டியின் பழுதுச் செலவில் கட்டிய வரிக்கு உள்ளீட்டு வரவு எடுக்கலாம்.

மளிகைக்காரருக்கு ஒரு தனிக் கவனம் உண்டு. வண்டி இதற்கு முன் என்ன ஏற்றியது என்று கேளுங்கள். பூச்சி மருந்து, உரம், மண்ணெண்ணெய் ஏற்றியதென்றால் தளத்தைக் கழுவினால் போதாது. மரப் பலகையாக இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். தேயிலை, மாவு, அரிசி ஆகியவை அயல் வாசனையைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். அதே காரணத்தால் புதுப் பெயிண்ட் வாசனை முழுக்கப் போகும்வரை இந்தச் சரக்குகளை ஏற்ற வேண்டாம். வண்டியில் மிச்சம் பிடித்ததைச் சரக்கில் விட்டுவிடக் கூடாது.

இனிக் கணக்கு

விளங்குவதற்காக ஒரு கணக்குப் போடுவோம். எண்களை உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள். வண்டி விலை ரூ. 1,20,000. எஞ்சின் வேலை 40,000. டயர் 16,000. டிங்கர், தளம், பெயிண்ட் 30,000. பெயர் மாற்றம், எஃப்.சி., இன்சூரன்ஸ் 24,000. ஆக ரூ. 2,30,000. வண்டி பட்டறையில் நின்ற 30 நாளும் வாடகை வண்டிக்கு நாளுக்கு 700 வீதம் 21,000. மொத்தம் ரூ. 2,51,000. அதே சமயம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேறொரு வண்டி ரூ. 2,20,000-க்குக் கிடைத்திருந்தால், காகிதச் செலவு 24,000 சேர்த்து ரூ. 2,44,000-ல் முடிந்திருக்கும். ஒரு லட்சம் மிச்சம் என்று நினைத்தவருக்கு ஏழாயிரம் கூடுதல் செலவு! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

ஆகவே மெக்கானிக் சொல்லும் செலவோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். காகிதச் செலவையும், வண்டி நிற்கும் நாட்களின் வாடகையையும் சேருங்கள். இந்தத் தொகையை, ஓடும் நிலையில் உள்ள வண்டியின் விலையிலிருந்து கழித்தால் வருவதே பழைய வண்டிக்கு நீங்கள் தரக்கூடிய உச்ச விலை. புரோக்கர் அதற்கு மேல் கேட்டால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வாரத்துக்கு இரண்டு நடைதான் தேவை என்றால் வாடகை வண்டியே லாபம். தினமும் நடை இருக்கிறது, சேஸிஸ் நன்றாக இருக்கிறது, காகிதம் சுத்தமாக இருக்கிறது என்றால் தயங்காமல் வாங்கிச் சீர் செய்யலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சரக்குக் கொள்முதலுக்கு வைத்த பணத்தை எடுத்து வண்டியில் போடாதீர்கள். வண்டி பட்டறையில் நின்றால் வாடகை வண்டி கிடைக்கும்; கடையில் சரக்கு இல்லாவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.