நரி வளைக்குள் நுழையும் பார்டர் டெரியர்

இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லையாக இருக்கும் செவியட் மலைப்பகுதியில், செம்மறி ஆடுகள்தான் விவசாயிகளின் பிழைப்பு. ஆடுகள் குட்டி போடும் பருவத்தில் நரி இறங்கினால், அந்த ஆண்டு வருமானத்திலேயே அடி விழும். பாறை இடுக்கில் பதுங்கும் நரியை வெளியே விரட்ட, அவர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்த நாய்தான் பார்டர் டெரியர்.

எடை 5 முதல் 7 கிலோதான். ஆனால், உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வேலை உண்டு. குதிரையின் பின்னால் ஓட, உடம்புக்கு ஏற்ற நீளமான கால்கள். வளைக்குள் நுழைய ஒடுங்கிய மார்பு. அது இரண்டு கைப்பிடிக்குள் அடங்க வேண்டும் என்பது கணக்கு. கடி தாங்கத் தடித்த தோல். மழை, குளிருக்குச் சொரசொரப்பான மேல்முடியும் மெத்தென்ற உள்முடியும்.

1920-ம் ஆண்டு, இங்கிலாந்தின் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக அங்கீகரித்தது. 2004-ம் ஆண்டு வேட்டைச் சட்டம், அங்கு நாய்களை வைத்து நரி வேட்டையாடுவதைக் கட்டுப்படுத்தியது. எலி பிடிக்கத் தடையில்லை.

இன்று பெரும்பாலும் வீட்டு நாய்தான். வேலை போனாலும் குணம் போகவில்லை. சும்மா கட்டிப்போட்டால் குரைக்கும். அவிழ்த்துவிட்டால் வேலியடியில் மண்ணைத் தோண்டும், பூனையைத் துரத்தும். எந்த நாயை வாங்கினாலும், அழகைப் பார்ப்பதற்கு முன் அது எந்த வேலைக்காக உருவானது என்று விசாரிப்பது நல்லது.