சுமை தூக்கும் பணியும் முதுகுவலியும்: உங்கள் வேலையின் இடரை மதிப்பிடுவது எப்படி?

முதுகுவலிக்காகப் புறநோயாளிகள் பிரிவுக்கு வருபவரிடம் அவருடைய தொழில் என்னவென்று கேட்டால், 'மூட்டை தூக்குகிறேன்', 'சித்தாள் வேலை' என்று இரண்டு சொற்களில் விடை முடிந்துவிடுகிறது. சிகிச்சையைத் தீர்மானிக்க அது போதாது. ஒருவர் லாரித் தளத்திலிருந்து மூட்டையை நேராகத் தோளுக்கு மாற்றுகிறார். மற்றொருவர் அதே மூட்டையைத் தரையிலிருந்து குனிந்து எடுத்து, உடலைத் திருப்பி அடுக்குகிறார். மூட்டையின் எடை ஒன்றே. முதுகெலும்பு தாங்கும் பாரம் ஒன்றல்ல.

பணியின் எந்த அசைவு உடலுக்குக் கேடு செய்கிறது என்பதை ஆராயும் துறை பணிச்சூழலியல் எனப்படுகிறது. அதன் அடிப்படைகளை அறிந்துகொண்டால், உங்கள் வேலையில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை அளவுநாடாவும் சற்று உற்று நோக்கும் பொறுமையும் கொண்டு நீங்களே பெருமளவு கண்டறியலாம்.

எடையைவிடத் தொலைவு முக்கியம்

முதுகெலும்பைத் துலாக்கோலின் நடுப்புள்ளியாக எண்ணிக்கொள்ளுங்கள். சுமை முன்புறம் இருக்கிறது. அதைச் சமன் செய்யும் தசைகள் பின்புறம், எலும்பு வட்டின் மையத்திலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தொலைவில் மட்டுமே இருக்கின்றன. 20 கிலோ எடையை வட்டிலிருந்து 50 சென்டிமீட்டர் முன்னே நீட்டிப் பிடித்தால், எளிய நெம்புகோல் கணக்கின்படியே அத்தசைகள் 200 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் இழுக்க வேண்டும். குனியும்போது உங்கள் மேலுடலின் எடையும் இதனுடன் சேரும். இந்த இழுவிசை முழுவதும் எலும்புகளுக்கு இடையேயுள்ள மெத்தை போன்ற வட்டுகளை நசுக்குகிறது. மக்கள் 'ஜவ்வு விலகிவிட்டது' என்று குறிப்பிடுவது பெரும்பாலும் இவ்வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும் நிலையையே.

அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் சுமை தூக்குதலுக்கென ஒரு கணக்கீட்டு முறையை வகுத்துள்ளது. அதன் தொடக்க எண் 23 கிலோ. எல்லாச் சூழ்நிலைகளும் சாதகமாக இருக்கும்போது பரிந்துரைக்கப்படும் உச்ச எடை இது. சாதகமான சூழ்நிலை என்பது, கணுக்கால்களின் நடுவிலிருந்து கைகள் 25 சென்டிமீட்டருக்குள், அதாவது ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில், இருப்பது, சுமை தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பது, உடல் திரும்பாதிருப்பது, பிடி நன்றாக இருப்பது, எப்போதாவது மட்டும் தூக்குவது.

இவற்றுள் ஒன்று மாறினாலும் எண் சரிகிறது. தொலைவு 50 சென்டிமீட்டர் ஆனால் 23 கிலோ பாதியாகி 11.5 கிலோ ஆகிவிடும். சுமை தரை மட்டத்தில் இருந்தால் மேலும் 22 விழுக்காட்டிற்குச் சற்று அதிகமாகக் குறையும். 45 பாகை உடலைத் திருப்பினால் இன்னும் 14 விழுக்காடு. மூன்றும் ஒருங்கே நேர்ந்தால் எஞ்சுவது ஏறத்தாழ 7.6 கிலோ. இது ஒருமுறை தூக்குவதற்கான எல்லை. இடுப்புக்குக் கீழிருந்து நிமிடத்துக்கு 5 முறை வீதம் நாள் முழுவதும் தூக்கினால், அதிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

நம் நாட்டில் ஒரு சிமெண்டு மூட்டையின் எடை 50 கிலோ. அதைத் தூக்கும் ஒவ்வொருவரும் நோயாளியாவார் என்பது இதன் பொருளன்று. ஆயினும் 'பழகிய உடம்பு, ஒன்றும் ஆகாது' என்ற நம்பிக்கைக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. தசை பழக்கத்தால் வலுப்பெறும். வட்டு அவ்வாறு வேகமாக வலுப்பெறுவதில்லை.

உங்கள் பணியை உற்று நோக்குங்கள்

உடன் பணியாற்றுபவரிடம் சொல்லி, நீங்கள் இயல்பாக வேலை செய்வதைப் பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் இரண்டு நிமிடம் காணொளியாக எடுக்கச் செய்யுங்கள். சுமையை எடுக்கும் நொடியிலும் வைக்கும் நொடியிலும் படத்தை நிறுத்திப் பாருங்கள். கைகள் உடலைவிட்டு எவ்வளவு தள்ளியிருக்கின்றன? முழங்காலுக்குக் கீழோ தோளுக்கு மேலோ செல்கின்றனவா? பாதங்கள் ஒரு திசையிலும் மார்பு வேறு திசையிலும் உள்ளனவா? கீழே வைக்கும் நொடியைப் பலரும் கவனிப்பதில்லை. களைப்பில் சுமையை எட்டி வைக்கும்போதுதான் தொலைவு மிக அதிகமாகிறது. பிறகு ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை தூக்குகிறீர்கள் என்பதை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேற்கூறிய முறை எல்லாவற்றையும் அளப்பதில்லை. சும்மாடு வைத்துத் தலையில் செங்கல்லோ கலவைச் சட்டியோ சுமக்கும் பெண்களின் கழுத்தெலும்பு மீதான பாரம் அதில் அடங்காது. ஈரத்தரை, ஆடும் சாரப்பலகை, ஒற்றைக் கையால் தூக்குதல், நீர் நிறைந்து தளும்பும் அண்டா ஆகியவையும் அடங்கா. இவற்றில் ஏதேனும் உங்கள் பணியில் இருந்தால், கணக்கு சொல்வதைவிட ஆபத்து கூடுதல் என்றே கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் முன்பே வட்டுப் பிதுக்கம் ஏற்பட்டவர்களும் மருத்துவரின் அறிவுரையின்றிப் பாரம் தூக்கக் கூடாது.

எதை முதலில் மாற்றுவது?

'முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்துத் தூக்குங்கள்' என்ற அறிவுரையை அனைவரும் கேட்டிருப்பீர்கள். அது தவறன்று. ஆனால் நூறாவது மூட்டையின்போது அதை யாராலும் கடைப்பிடிக்க இயலாது. எனவே வேலையின் அமைப்பை முதலில் மாற்ற முயல வேண்டும். மூட்டைகளைத் தரையில் அடுக்காமல், முழங்காலுக்கு மேல் உயரமுள்ள மேடையில் அடுக்குவதே செலவு குறைந்த, பயன் மிகுந்த மாற்றம். அடுத்தது கைவண்டி. இருவர் சேர்ந்து தூக்குவதும் நல்லதே. ஆனால் இருவரின் திறனும் முழுமையாகக் கூடிவிடாது, கூட்டுத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு என்றே கணக்கிடுங்கள். உடலைத் திருப்பாமல் பாதங்களை நகர்த்துங்கள். உறங்கி எழுந்தவுடன் வட்டுகள் நீர் ஏறி விறைத்திருக்கும். ஆகவே முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனிந்து தூக்குவதைத் தவிருங்கள்.

இடுப்புப் பட்டை பற்றிப் பலரும் கேட்கின்றனர். நலமாக உள்ள தொழிலாளர்களுக்கு அது காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. பட்டை கட்டியிருக்கும் துணிவில் கூடுதல் எடை தூக்குவதுதான் நேர்கிறது.

வீட்டில் நோயாளியைத் தூக்குபவர்களுக்கு

படுக்கையில் உள்ள தாயையோ கணவரையோ பராமரிப்பவர்கள் தாங்களும் சுமை தூக்கும் தொழிலாளர்களே என்பதை மறந்துவிடுகின்றனர். மனித உடலுக்குப் பிடிமானம் இல்லை. அது எதிர்பாராமல் சரியும். ஆகவே நோயாளியைக் கையால் தூக்குவதற்குச் சுமார் 16 கிலோ மட்டுமே எல்லையாகப் பரிந்துரைக்கப்படுகிறது. அதாவது, வளர்ந்த ஒருவரைத் தனியாளாக முழுமையாகத் தூக்கவே கூடாது. படுக்கையில் மேலே நகர்த்த, மடித்த போர்வையை இடுப்புக்கும் தோளுக்கும் அடியில் விரித்து, இருபுறமும் இருவர் நின்று இழுங்கள். கட்டில் தாழ்வாக இருந்தால், நான்கு கால்களுக்கும் நழுவாத மரக்கட்டைகள் வைத்து உயர்த்துங்கள். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு எழ நோயாளியை அனுமதிக்காதீர்கள். பக்கவாதம் வந்தவரின் செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள்; தோள்மூட்டு எளிதில் பாதிக்கப்படும்.

வலி வந்தபின்

சாதாரண முதுகுவலிக்கு வாரக்கணக்கில் படுத்திருப்பது நன்மை தராது. வலி அனுமதிக்கும் அளவுக்கு நடமாடுபவர்களே விரைவில் தேறுகின்றனர். ஆனால் சிறுநீர் கழிக்க இயலாமை, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றி வெளியேறுதல், பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போதல், கால்களில் வலுவிழப்பு, பாதம் தொங்கிப்போதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் மறுநாள் வரை காத்திராதீர்கள். அறுவைச் சிகிச்சை உடனே தேவைப்படலாம். தாமதித்தால் பாதிப்பு நிலையாகிவிடக்கூடும். 108 ஆம்புலன்சை அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பிறர் மருத்துவரைச் சந்திக்கும்போது, எடுத்து வைத்த காணொளியையும் எண்ணிக்கைக் குறிப்பையும் கொண்டு வாருங்கள். ஸ்கேன் படத்தில் தெரியும் வட்டு மாற்றங்கள் வலியே இல்லாதவர்களிடமும் காணப்படுவதுண்டு. ஆகையால் படத்தைவிட உங்கள் பணியின் விவரம் சில வேளைகளில் எங்களுக்கு அதிகம் உதவுகிறது. அன்றாடக் கூலியை விட்டு ஓய்வெடுக்க இயலாதவர்கள் அதையும் தயங்காமல் கூறுங்கள். 'வேலைக்குத் தகுதியற்றவர்' என்று எழுதுவதற்குப் பதிலாக, 'தரையிலிருந்து தூக்குதல் ஆறு வாரங்களுக்குக் கூடாது. மேடையிலிருந்து 10 கிலோ வரை தூக்கலாம்' என்பது போல் வரையறுத்துச் சான்றிதழ் அளிக்க இயலும். பணியின்போது திடீரெனக் காயம் ஏற்பட்டிருந்தால், அன்றே மேற்பார்வையாளரிடம் தெரிவித்து விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்கள் பணிக்காய உதவித்தொகை கோர அந்தப் பதிவு தேவைப்படும்.