திரையில் எழுதும் கணிதம்

இரண்டின் பத்தாம் அடுக்கு 1024 ஆகும். அதனை எழுதுங்கால் 2 என்னும் இலக்கத்தின் வலத்தோளின்மேல் 10 சிறிதாக அமர்தல் வேண்டும். அது கீழிறங்கி அருகில் நின்றுவிடின் 210 என்றாகிவிடும். கணிதத்தில் எழுத்து மட்டுமன்று, அது நிற்கும் இடமும் பொருள் தருவதாகும்.

இத்தொல்லை புதியதன்று. இன்று சண்டிலிப்பாய்ப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்கும் சுதுமலையிற் பிறந்த கறல் விசுவநாதபிள்ளை, 1855ஆம் ஆண்டில் 'வீசகணிதம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். அக்காலத்தில் அடுக்கையும் பின்னத்தையும் ஈய எழுத்துக்களாற் கோத்தல் அச்சுக்கோப்போருக்குப் பெரும் பணியாயிருந்தது.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கனூத், தம் நூலின் புதிய பதிப்புக்கான அச்சுப்படிகள் அழகின்றியிருக்கக் கண்டு, 1977இல் 'டெக்' என்னும் கணினி அச்சுக்கோப்பு முறையை வகுக்கத் தொடங்கினார். அதிலே கணிதப் பகுதியின் இருபுறமும் டொலர்க் குறி இடப்படும். கணிதத்தை அச்சிடச் செலவு மிகுதி என்பதை நினைவூட்டும் குறும்பு அது.

இன்றைய இணைய எழுதுபலகைகள் பலவும் இம்முறையைப் பின்பற்றுகின்றன. ஆயினும் ஒவ்வொரு முறையும் இரு குறிகளைத் தட்டுதல் சலிப்பூட்டும். ஒன்று விடுபடின் வரி முழுவதும் குலையும். இதற்குப் பரிகாரமே குறுக்குவிசை. எழுதியதைத் தெரிவுசெய்து குறித்த விசைகளை ஒருங்கே அழுத்தினால், குறிகள் இருபுறமும் தாமே அமையும். மீண்டும் அழுத்தினால் நீங்கும். எதனையும் தெரிவுசெய்யாதவிடத்து, இரு குறிகளும் தோன்றி, சுட்டி அவற்றின் நடுவே நிற்கும். மைக்ரோசொப்ட் வேர்ட் செயலியில் 'ஆல்ட்' விசையுடன் சமக்குறியை அழுத்தச் சமன்பாட்டுப் பெட்டி திறப்பதும் இவ்வகையினதே.

இதனை அமைப்போர் இரண்டைக் கருத வேண்டும். ஒன்று, உலாவி ஏற்கெனவே தனக்கென வைத்திருக்கும் விசைச்சேர்க்கைகளைத் தவிர்த்தல். மற்றது, தமிழருக்கு இன்றியமையாதது. தமிழ் விசைப்பலகை இயங்கும்போது ஆங்கில எழுத்துள்ள விசை தமிழெழுத்தைத் தரக்கூடும். எழுத்தைக்கொண்டு விசையை அறியும் நிரல் அப்போது செயலற்றுப்போகும். விசையின் இடத்தைக்கொண்டு அறியும் நிரலோ தவறாது.

இச்சிறு வசதி அமையாவிடின், தமிழில் விளக்கம் எழுதும் ஆசிரியர் குறிகளை விட்டுவிட்டு எழுதிச் செல்வார். 1024 என்று விடை காண வேண்டிய மாணவர், 210 என்று படித்து மயங்குவர்.