மணலும் நூலும் கூறும் சாட்சி

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியே தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, களியக்காவிளையில் தமிழ்நாட்டை எய்துகிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒருபுறம் குற்றம் இழைத்தவன் சிறிது நேரத்தில் மறுபுறம் சென்றுவிடலாம். ஆனால் அவன் காலில் ஒட்டிய மண்ணும் அவனோடு எல்லை கடக்கிறது.

ஒன்றோடொன்று தொடும் பொருள்கள் தம் சுவட்டை விட்டுச் செல்லும் என்பது, பிரான்சு நாட்டு லியோன் நகரில் 1910-இல் தடய ஆய்வுக்கூடம் அமைத்த எட்மண்ட் லொக்கார்டின் கொள்கை. அச்சுவடு பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாது. அதைக் காட்டுவதே மைக்ராஸ்கோப் என்னும் நுண்பெருக்காடி.

பாறசாலைப் பகுதியின் மேட்டு நிலம் இரும்பு கலந்த செம்மண். அண்டை மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலோ, கரிய இல்மனைட், மஞ்சள் நிற மோனசைட், சிவந்த கார்னெட் ஆகியவை விரவிய மணல். வெறுங்கண்ணுக்கு ஒரு சிட்டிகை அழுக்காகத் தோன்றுவது, முனைவாக்கிய ஒளியைச் செலுத்தும் நுண்பெருக்காடியின் கீழ் தனித்தனிக் கனிமங்களாகப் பிரிந்து தெரியும். செம்மேட்டை விட்டு அகன்றதே இல்லை என்பவனுடைய செருப்பில் கருமணல் இருக்குமாயின், அவன் விடை கூற வேண்டிய வினா ஒன்று எழுகிறது.

நூலும் அவ்வாறே. தமிழ்ச் சாலியர் தறி நெய்துவரும் பாலராமபுரத்துப் பருத்தி இழை, முறுக்கிய நாடாபோல் தோன்றும். பாலியெஸ்டர் இழை வழவழப்பான கோல்போல் இருக்கும். இரு மாதிரிகளை ஒரே பார்வையில் அருகருகே காட்டும் ஒப்பீட்டு நுண்பெருக்காடி, இழைகளையும் துப்பாக்கிக் குண்டின் கீறல்களையும் ஒப்பிட உதவுகிறது.

எனினும் ஒப்புமை வேறு, உறுதி வேறு. இரு பொருள்கள் வேறானவை என்று இக்கருவி திட்டமாகக் காட்டக்கூடும். ஒத்திருப்பவை ஒரே இடத்தினின்றே வந்தவை என்று அதுவே முடிவு கட்டாது. அமெரிக்காவில் மயிரிழை ஒப்பீடு பற்றிய பழைய சாட்சியங்களை மறு ஆய்வு செய்தபோது, ஆராய்ந்த வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் வல்லுநர் அளவுமீறிப் பேசியிருந்தனர் என 2015-இல் வெளியாயிற்று. பிழையான சொல்லால் குற்றமற்றவர் சிறை புகக்கூடும்.

ஆகவே, ஊரில் குற்றம் நிகழ்ந்தால் உறவினர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. இரங்கித் தரையைக் கழுவுவதும், ஆடையைத் துவைத்து மடித்து வைப்பதும் வேண்டா. காவலர் வரும்வரை யாவும் கிடந்தபடியே கிடக்கட்டும். எவ்வூரில் நிகழ்ந்த கடுங்குற்றத்தையும் எந்தக் காவல் நிலையத்திலும் தெரிவிக்கலாம் என 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சட்டம் கூறுகிறது. எல்லைப்புறத்தார்க்கும், வெளிமாநிலம் சென்று வாழ்வோர்க்கும் இது பெருந்துணை. கழுவிய மணலை மட்டும் எந்தக் கருவியாலும் மீட்க இயலாது.